தரை ஈரமில்லை

மான் வேட்டை தொடங்கும் வாரக் கடைசியில் லின்ட்வேலில் யாரும் சாகக் கூடாது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனாலும் ஊர் அதை மதித்து நடந்தது. பாதிரியார் பிரசங்கத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துக்கொள்வார். பல் வைத்தியரின் கதவில் அட்டை தொங்கும். முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸ் தொடங்கி அடுப்படிக்காரர் வரை பாதிப் பேர் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, அறுத்து முடித்த சோளக்காடுகளின் ஓரத்தில் துப்பாக்கியோடு குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். இல்லத்தில் இருக்கும் முப்பத்துநாலு கிழடுகளையும் அந்த மூன்று நாள் பார்த்துக்கொள்வது, ஏதாவதொரு ஏஜென்சி எங்கிருந்தோ அனுப்பிய வாடகை நர்ஸ்தான்.

அந்த வருடம் வந்தவள் டார்லா புரூயிட். ஆர்கன்சாக்காரி. ஐம்பத்துநாலு வயது. பதின்மூன்று வாரம் ஓர் ஊர், அடுத்த பதின்மூன்று வாரம் வேறு ஊர் என்று இரண்டு வருடத்தில் ஏழு மாநிலங்கள் பார்த்துவிட்டாள். காரின் பின்சீட்டில் ஒரு தலையணை, ஒரு மின்சாரக் குழம்புச் சட்டி, நான்கு ஜோடி வெள்ளைக் காலணி. வீட்டை விற்றுவிட்டதால் கடிதங்கள் எல்லாம் தங்கை வீட்டுக்குப் போயின. லின்ட்வேலில் அவளுக்கு அது எட்டாவது வாரம். வடக்கு டகோட்டாவின் காற்று முகத்தில் அறைவதற்கு இன்னும் பழகவில்லை. அவளுடைய இழுத்துப் பேசும் பேச்சுக்கு அங்கிருந்த கிழவர்களும் பழகவில்லை. "தெற்கத்திக்காரி" என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஊர்ச் சட்டத்தை மீறி, ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு பத்துக்கு ஆர்லிஸ் பிராண்ட்வோல்ட் செத்துப்போனாள். தொண்ணூற்றொரு வயது. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் அவளிடம் திட்டு வாங்காதவர் ஒருவரும் இல்லை.

அதற்குப் பத்து நாள் முன்னால் டார்லா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று காலை ஒலிபெருக்கி சொன்னது: "கிழக்குத் தாழ்வாரத்தில் தரை ஈரம். கிழக்குத் தாழ்வாரத்தில் தரை ஈரம்." உடனே ட்விலாவும் மற்ற உதவியாளர்களும் எழுந்து, தாழ்வாரத்தில் இருந்தவர்களைச் சக்கர நாற்காலியோடு அறைக்குள் தள்ளி, கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போனார்கள். யாரோ இறந்துவிட்டார், உடல் பின்வாசல் வழியாக வெளியே போகப்போகிறது என்று அதற்குப் பொருள். பார்த்தால் மற்றவர்கள் மனம் கலங்கிவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் எண்ணம். டார்லாவும் தன் பங்குக்குக் கதவு சாத்தப் போனாள். பன்னிரண்டாம் எண் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏ தெற்கத்திக்காரி, கதவ விடு."

"தரை ஈரமா இருக்காம், ஆர்லிஸ். வழுக்கிடும்."

"யாரு, ஹெல்மரா? காலைல காபிக்கு வரலையே."

டார்லா தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தாள். கை கதவுப்பிடியிலேயே இருந்தது.

"இந்த வருஷம் இதோட பதினொண்ணு. பதினொரு தடவ தரை ஈரமாச்சு. ஒரு தடவகூட வாளியும் துடைப்பமும் வந்து நான் பாக்கல. முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்கள பஸ்ல ஏத்தி இறக்கினவடி நான். எனக்குத் தலை எண்ணத் தெரியாதா?"

"தெரியும் உங்களுக்கு."

"ஹெல்மர் எனக்கு எதிர்வீட்டுக்காரன். நாப்பது வருஷம் எங்க வாசல் பனியையும் அவன்தான் தள்ளினான். அவன் போறப்போ நான் கதவுக்குப் பின்னால உக்காந்து பட்டாணிய நசுக்கிட்டிருக்கணுமா?" மூச்சு வாங்கியது. இதயம் தளர்ந்து, கால் இரண்டும் வீங்கியிருந்தன. மருத்துவமனைக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். "கேட்டுக்கோ. அடுத்தது நான்தான். நான் இங்க முன்வாசல் வழியா வந்தேன். என் பெட்டிய நானே தூக்கிட்டு வந்தேன். பின்வாசல்ல, குப்பைத்தொட்டிப் பக்கமா நான் போகமாட்டேன்."

"ட்விலாகிட்ட சொல்லுங்களேன். உங்க ஊர்க்காரி."

"ட்விலா இங்க இருபத்துநாலு வருஷமா இருக்கா. அவளுக்கு இந்த வேலை வேணும். நீ எப்படியும் போகப்போறவ. உன்னை என்ன செஞ்சிட முடியும்? ஊரை விட்டு அனுப்புவாங்களா? உன் ஊரே அந்தக் கார்தானே!"

டார்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி" என்றாள்.

"சரின்னா சரியா? இல்ல நர்ஸுங்க சொல்ற சரியா?"

"சரின்னா சரி, ஆர்லிஸ்."

அவள் அதை இரக்கத்தில் சொல்லவில்லை. இருபது வருட நர்ஸ் வேலையில் எத்தனை கதவுகளைச் சாத்தியிருக்கிறாள். நல்லதென்று நினைத்துத்தான் சாத்தினாள். பிறகு ரேயின் முறை வந்தது. ரே அவள் கணவன். பக்கவாதம் வந்து, ஆர்கன்சாவில் ஓர் இல்லத்தில் இருந்தான். நிலைமை சரியில்லை என்று அழைப்பு வந்தபோது அவள் கான்சாஸில் வேலையில் இருந்தாள். மாற்று நர்ஸ் வந்து மருந்துச் சாவி வாங்கும்வரை நான்கு மணி நேரம் காத்திருந்து, பிறகு ஏழு மணி நேரம் ஓட்டி வந்தாள். முன்வாசலில் இருந்த பெண் வருகைப் பதிவேட்டைத் தள்ளி, "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றாள். டார்லா கையெழுத்துப் போட்டாள். மூன்று பத்து என்று நேரம் எழுதினாள். தாழ்வாரத்தில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அது ஏன் என்று அவளுக்கு மட்டுமாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அறையில் மெத்தை விரிப்பை உருவி எடுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அடுப்படிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. வண்டிக்கு வழிவிட ஒருவர் குப்பைத்தொட்டியை ஓரமாக உருட்டினார். அவள் முன்வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தான்.

இதை அவள் ஆர்லிஸிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு மதியம் முறைப்படி எல்லாம் செய்தாள். இதயத்தை ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டாள். மருத்துவருக்குப் போன். அரிசோனாவில் இருந்த ஆர்லிஸின் தங்கை மகனுக்குப் போன். அவர், "பெரியம்மா எப்படிக் கேட்டாங்களோ அப்படியே செஞ்சிருங்க. இல்லன்னா கனவுல வந்து திட்டுவாங்க" என்றார். சவ அடக்கம் செய்யும் மில்டன் ஊஸுக்குப் போன். கடைசியாக, இல்லத்தின் நிர்வாகி பிரெண்ட் ஹால்வர்சனுக்கு.

அவளும் ட்விலாவும் உடலைக் கழுவினார்கள். ட்விலா தடித்த கை, மெல்லிய குரல். எந்நேரமும் பாதி பயத்தில் இருப்பவள்.

"முந்தாநாள்கூட என்னைத் திட்டினா. மெதுவா தேய், நான் என்ன அடிப்பிடிச்ச ஹாட்டிஷ் பாத்திரமான்னு." ட்விலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஆறாவது வரைக்கும் இவ பஸ்லதான் போனேன். ஒரு நாள் பனிக்காத்துல வழியே தெரியல. பாட்டு பாடுங்கடா, வாய மூடினவன இறக்கி விட்டுருவேன்னா. வீடு வர்ற வரைக்கும் கத்திப் பாடிட்டே வந்தோம்."

ஆர்லிஸ் சொல்லி வைத்திருந்தபடி பேருந்து ஓட்டுநரின் பச்சைச் சட்டையை மாட்டி, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டார்கள். முகத்தை மூடவில்லை.

பிரெண்ட் ஆரஞ்சுச் சட்டையோடும் சேற்றுக் காலணியோடும் வந்து சேர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றுக்கும் பயந்தவர். அன்று அவருடைய பயத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டு மணிக்கு ஒரு மகன் தன் தாயை அழைத்துக்கொண்டு இல்லத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறான். ஆறு அறைகள் காலியாகக் கிடந்தன.

"முன்கூடத்துல காபி வெச்சிருக்கேன், குக்கீ வெச்சிருக்கேன்" என்றார். "அதுக்கு நடுவுல பொணத்தயா தள்ளிட்டு வருவீங்க?"

"குக்கீய ஓரமா நகர்த்தி வெச்சிருங்க" என்றாள் டார்லா.

"விளையாடாதீங்க. இங்க ஒரு நடைமுறை இருக்கு."

"அவங்க கேட்டாங்க. குடும்பமும் சரின்னுட்டாங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"உங்க வாக்குக்காக இந்த வீட்ட நடத்த முடியாது. நீங்க இப்பவே கிளம்பலாம். உங்க ஏஜென்சிகிட்ட நான் பேசிக்கறேன்."

"சரி" என்று டார்லா கழுத்திலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினாள். "இத யார்கிட்ட குடுக்கட்டும்?"

பிரெண்ட் கையை நீட்டினார்.

"உங்ககிட்டயா? நீங்க எப்ப நர்ஸ் ஆனீங்க?"

நீட்டிய கை பாதியில் நின்றது. அது மருந்து வண்டியின் சாவி. கடுமையான வலி மாத்திரைகள் இருக்கும் பூட்டுப்பெட்டியின் சாவி. ஒரு நர்ஸிடமிருந்து இன்னொரு நர்ஸுக்குத்தான் அது கைமாற வேண்டும். இருவரும் சேர்ந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை சாவியை வைத்திருப்பவள் வாசலைத் தாண்ட முடியாது. தாண்டினால் அவள் உரிமமும் போகும், முப்பத்துமூன்று பேரை நர்ஸ் இல்லாமல் விட்ட குற்றத்துக்கு இல்லத்தின் உரிமமும் போகும். கான்சாஸில் அவளை நான்கு மணி நேரம் கட்டிப்போட்ட அதே விதி.

பிரெண்ட் தலைமை நர்ஸைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். மான் காத்து உட்கார்ந்திருப்பவள் போனின் சத்தத்தை அணைத்து வைத்திருப்பாள் என்று அவருக்கே தெரியும். உள்ளூரில் இன்னும் இரண்டு நர்ஸுகள். இரண்டு பேரும் அதே மாதிரி ஏதோ ஒரு மரத்தின் மேல். இரவு நர்ஸ் தொண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து ஆறு மணிக்குத்தான் வருவாள்.

"அப்ப ஆறு மணி வரைக்கும் நான்தான்" என்று டார்லா சாவியைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

பின்வாசலில் மில்டன் ஊஸின் வண்டி நின்றது. கறுப்புக் கோட்டுக்குக் கீழே அவருக்கும் ஆரஞ்சு தெரிந்தது. உடலை ஒப்படைக்கும் படிவத்தை நீட்டினார். "பணியில் இருக்கும் நர்ஸ்" என்று போட்டிருந்த இடம் காலியாக இருந்தது.

"முன்வாசலுக்கு வண்டிய கொண்டு வாங்க, மில்டன். அங்க கையெழுத்துப் போடறேன்" என்றாள் டார்லா.

"மில்டன், நீங்களாவது இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் பிரெண்ட்.

மில்டன் குல்லாயைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "எனக்கு எந்தக் கதவும் ஒண்ணுதான் பிரெண்ட். கையெழுத்து இல்லாம நான் அசையமாட்டேன். பத்துக் கிளைக் கொம்போட ஒரு மான், நூறு அடி தூரத்துல நின்னு என்னையே பாத்துட்டிருந்துச்சு. அப்ப இந்தப் போன் அடிச்சுது. அதையே விட்டுட்டு வந்திருக்கேன். இனிமே எனக்கு என்ன அவசரம்?"

அவர் வண்டியைக் கிளப்பினார். முப்பது வருடமாகப் பின்வாசலுக்கே வந்து பழகியவர் என்பதால், முன்பக்கம் போகும் பாதையில் ஒரு முறை தவறித் திரும்பி, புல்வெளியில் ஏறி இறங்கினார்.

பிரெண்ட் கடைசி முயற்சியாக ஒலிபெருக்கியின் மைக்கை எடுத்தார். "கிழக்குத் தாழ்வாரத்தில் தரை ஈரம்." எங்கோ கதவுகள் சாத்தும் ஓசை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

அவள் நடந்து போய் அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். பிடுங்கவில்லை. கேட்டு வாங்குகிறவள் மாதிரி கையை நீட்டினாள், அவரும் கொடுத்துவிட்டார்.

"தரை ஈரமில்லை" என்றாள். தன் குரலே கூரையிலிருந்து தனக்குக் கேட்டது. "தரை காஞ்சுதான் இருக்கு. ஆர்லிஸ் பிராண்ட்வோல்ட் இன்னிக்கு மத்தியானம் இறந்துட்டாங்க. இப்ப முன்வாசல் வழியா போறாங்க. பாக்கணும்னு நினைக்கறவங்க தாழ்வாரத்துக்கு வாங்க. வேண்டாங்கறவங்க உங்க கதவ நீங்களே சாத்திக்குங்க."

கதவுகள் உடனே திறக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு உள்ளிருந்து கதவு திறப்பது லேசான காரியம் இல்லை. ஓர் அறைக்குள்ளிருந்து கதவை உதைக்கும் சத்தம் வந்தது.

டார்லா ட்விலாவைப் பார்த்தாள். "யாராவது கேட்டா, நான்தான் திறக்கச் சொன்னேன்னு சொல்லிடு."

ட்விலா பிரெண்டைப் பார்த்தாள். அவள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "ஏன், எனக்கு வாய் இல்லையா? நானே சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டு முதல் கதவைத் திறந்தாள்.

வந்தார்கள். ஒருவர் செருப்பில்லாமல், ஒருவர் பல் இல்லாமல், ஒருத்தி மடியில் பாதி சாப்பிட்ட லெஃப்ஸா ரொட்டியோடு. சுவரோரமாக இரண்டு பக்கமும் நாற்காலிகள் நின்றன. எட்டாம் அறை லீலண்ட், தினமும் சாயங்காலம் மாடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்று கத்துகிறவர், அன்று கத்தவில்லை. ஆர்லிஸ் முகம் திறந்தபடி, பச்சைச் சட்டையில், தள்ளுகட்டிலில் நடுவே போனாள். ஒரு பக்கம் டார்லா தள்ளினாள், மறுபக்கம் ட்விலா.

"என்னோட துப்பறியும் புத்தகம் அவகிட்ட இருக்கு" என்றாள் ஒரு கிழவி. "கடைசிப் பக்கத்தக் கிழிச்சு வெச்சிருக்கா, திருடி."

"ஏ பிரெண்ட்!" என்று லீலண்ட் கூப்பிட்டார். "உன்னை ஒரு தடவ நடுவழில இறக்கி விட்டாளே, ஞாபகம் இருக்கா? துப்பினதுக்கு?"

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது. பிரெண்டின் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்தது. ஆனால் அவர் குல்லாயைக் கழற்றினார். அவரை அறியாமல் கழற்றினாரோ என்னவோ.

முன்கூடத்தில் காபி மேசைக்கருகே மகனும் தாயும் நின்றார்கள். மகன் தாயின் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தான். அவள் நடைவண்டியைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"அம்மா, வாங்க, நாம அந்தப் பக்கம்…"

"கைய எடு, ஸ்டூவர்ட்." டார்லாவிடம் கேட்டாள்: "இங்க எல்லாரையும் இந்த வழியாத்தான் கொண்டு போவீங்களா?"

டார்லா பிரெண்டைப் பார்த்தாள். தாழ்வாரமே பிரெண்டைப் பார்த்தது.

"அது வந்து… அவங்கவங்க விருப்பம்" என்றார் பிரெண்ட்.

"கேட்டுட்டீங்கல்ல!" என்றார் லீலண்ட். "எனக்கும் முன்வாசல்தான். எழுதிக்கோ, தெற்கத்திக்காரி."

வாசலில், வெளியே போகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேடு இருந்தது. மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்களும் முடிவெட்டப் போகிறவர்களும் அதில்தான் எழுதுவார்கள். டார்லா நின்றாள். ஆர்லிஸ் பிராண்ட்வோல்ட் என்று எழுதினாள். போகும் நேரம், இரண்டு இருபது. திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பிறகுதான் மில்டனின் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். காற்று உள்ளே புகுந்து குக்கீ மேல் போட்டிருந்த தாளைப் பறக்கடித்தது. வண்டி புல்வெளியை இந்த முறை தொடாமல் திரும்பிப் போனது.

"பதிவேட்டுல அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க" என்றார் பிரெண்ட், மெதுவாக.

"பக்கத்துல எண் அடிச்சிருக்கு, கிழிச்சா தெரியும்" என்றாள் ட்விலா. அவ்வளவுதான் சொன்னாள்.

ஆறு மணி வரை நேரம் இருந்தது. லீலண்ட் சொன்ன 'எழுதிக்கோ' டார்லாவை விடவில்லை. எழுதாதது நடக்காதது என்பது நர்ஸுகளின் வேதம். பிரெண்டின் வாய்ச்சொல் நாளைக் காலைக்குள் காணாமல் போகும். நோயாளி கேட்டு நர்ஸ் கோப்பில் பதிந்த விருப்பத்தை நாளைக்கு யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது, சோதனைக்கு வரும் அரசு அதிகாரி முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான். நான்கு மணி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போனாள். மாத்திரையைப் புட்டிங்கில் கலந்து கொடுத்தாள். விழுங்கியதும் கேட்டாள்: "உங்களுக்கு எந்தக் கதவு?"

முன்வாசல் என்றார்கள். முன்வாசல், கொடி பறக்கணும் என்றார் ஒரு பழைய சிப்பாய். சாகவே போறதில்லை என்றாள் ஒருத்தி. அதையும் அப்படியே எழுதினாள். துப்பறியும் புத்தகக் கிழவி மட்டும், "எனக்குப் பின்வாசல்" என்றாள்.

"ஏன்?"

"அங்கதான் எங்க கோதுமை வயல் தெரியுது. குப்பைத்தொட்டிய மட்டும் நகர்த்தச் சொல்லு."

பின்வாசல், குப்பைத்தொட்டி நீங்கலாக என்று எழுதி, கீழே அவளிடம் கையெழுத்து வாங்கினாள். சொல்லத் தெரிந்தவர்கள் இருபத்தாறு பேர். இருபத்தாறும் எழுதி முடித்தபோது விரல் மரத்திருந்தது. ரேயிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஆறுக்கு இரவு நர்ஸ் வந்தாள். பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். கணக்கு சரியாக இருந்தது. சாவி கைமாறியது.

"நாளைக்குப் பாப்போமா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல. கோப்புகள்ல புதுசா ஒரு பக்கம் இருக்கு. படிச்சிரு."

ஊழியர்கள் போவது எப்போதும் பின்வாசல் வழியாகத்தான். டார்லா சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள். காரில் ஏறியதும் போன் அடித்தது. ஏஜென்சிப் பெண், இருபது வயதுக் குரல்.

"டார்லா, என்ன செஞ்சீங்க? அந்த இல்லத்துல உங்கள இனி விடவே மாட்டாங்களாம்."

"மாட்டாங்கதான்."

"உங்க பேருல குறிப்பு ஒண்ணு விழும். தெரியும்ல?"

"விழட்டும். நானும் இருபத்தாறு குறிப்பு எழுதிட்டுத்தான் வந்திருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "மொன்டானாவுல ஒரு இடம் இருக்கு. ஆள் இல்லாம தவிக்கறாங்க. முதியோர் இல்லம், நாப்பது பேர். புதன்கிழமையே வரச் சொல்றாங்க. போறீங்களா?"

டார்லா காரைக் கிளப்பினாள். பின்சீட்டில் குழம்புச் சட்டி கடகடத்தது.

"போறேன்" என்றாள். "அங்க செத்தவங்கள எந்த வாசல் வழியா அனுப்பறாங்கன்னு மட்டும் கேட்டு வெச்சிரு."